ஓட்டுநர் இருக்கை யாருடைய அளவுக்கு?

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லி அரசு தன் பேருந்து ஓட்டுநர் தேர்வு விதியில் ஓர் எண்ணை மாற்றியது. பெண் ஓட்டுநருக்கு வேண்டிய குறைந்தபட்ச உயரம் 159 செ.மீ. என்றிருந்தது 153 செ.மீ. ஆனது. அதற்கு முன் டெல்லி போக்குவரத்துக் கழகத்தில் பெண் ஓட்டுநர் என்று பேச்சு வந்தால், 2015-ல் பணியில் சேர்ந்த தெலங்கானாவின் வி. சரிதாவைத்தான் சொல்வார்கள். விதி தளர்ந்த அதே ஆண்டில், புராரி ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் கனரக வண்டி ஓட்டப் பழகிய பெண்கள் பணிக்கு வரத் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் சரோஜினி நகரில் பெண்களுக்கென்றே ஒரு பேருந்துப் பணிமனை திறக்கப்பட்டது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. அப்படியானால் பழைய விதி நாட்டின் பெரும்பாலான பெண்களை வண்டி ஏறும் முன்பே திருப்பி அனுப்பியிருக்கிறது. புதிய விதியும் ஏறக்குறையப் பாதிப் பேரை வெளியேதான் நிறுத்துகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் எம். வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். பெண்ணால் பேருந்து ஓட்ட முடியுமா என்ற கேள்வி அன்றோடு முடிந்துபோனது. பிறகு உயர விதி எதற்கு? கால் பெடலுக்கு எட்ட வேண்டும், கண் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பெடலும் இருக்கையும் இருந்த இடத்தில் இருக்கும், அதற்குப் பொருந்துகிற உடலோடு ஆள் வரட்டும் என்பதே அதன் உட்பொருள்.

காருக்கு அப்படி எழுதப்பட்ட உயர விதி எதுவும் கிடையாது. பணம் கட்டிய யாரும் சாவியை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே விதி காருக்குள்ளும் ஓசையில்லாமல் நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதம் கழித்து, டெல்லியின் ஆசிரம் சந்திப்பிலோ தௌலா குவானிலோ முக்கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது அது தெரியவரும். "போகப் போகப் பழகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பழகுவது உடல்தான். இருக்கை பழகுவதில்லை.

ஒரு காரை வரையத் தொடங்கும் பொறியாளர்கள் முதலில் குறித்துக்கொள்வது எஞ்சினுக்கான இடத்தை என்று நினைப்போம். ஆனால் உள்பக்க வடிவமைப்பில் முதல் புள்ளி ஓட்டுநரின் இடுப்பு மூட்டு. அதற்கு எச்-பாயின்ட் என்று பெயர். அந்தப் புள்ளி எங்கே என்று முடிவானால்தான் கண் எந்த உயரத்தில் வரும், கூரை எங்கே வரும், பெடல் எவ்வளவு தள்ளி, ஸ்டீயரிங் எவ்வளவு அருகில் என்பதெல்லாம் முடிவாகும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 1962-ல் இந்தப் புள்ளியை அளப்பதற்கென்றே ஒரு பொம்மைக் கருவிக்குத் தரம் வகுத்தது. வளர்ந்த ஆணின் எடையும் உடல்வடிவும் கொண்ட கருவி அது. அதன் வழிவந்தவற்றை உலகெங்கும் கார் ஆலைகள் இன்றும் இருக்கையில் உட்கார வைத்து அளக்கின்றன.

சராசரி மனிதனுக்கு ஓர் இருக்கை செய்துவிட்டால் போதாதா என்ற எண்ணத்துக்கு 1950-லேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்கு அருகில் இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. உயரத்தில் நடுத்தரமானவருக்குக் கை நீளமாக இருந்தது, கை நடுத்தரமானவருக்குத் தொடை குட்டையாக இருந்தது. விமானப்படை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, நகர்த்தக்கூடிய இருக்கைகளையும் பெடல்களையும் கேட்கத் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கையைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளில் இதைவிட முக்கியமானது இல்லை என்றே சொல்லலாம். சரியான இருக்கை என்று தனியாக ஒன்று கிடையாது. நகரும் இருக்கை, நகராத இருக்கை என்ற இரண்டு வகைதான் உண்டு.

இந்திய உடலுக்குத் தனியாக அளவு எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடல் அளவுகளின் நூல் 1997-ல் வெளிவந்தது. நாற்காலி முதல் இயந்திரம் வரை வடிவமைப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். கார் நிறுவனங்களும் மிகக் குட்டையான ஐந்து சதவீதப் பெண்களையும் மிக உயரமான ஐந்து சதவீத ஆண்களையும் விட்டுவிட்டு, இடையில் உள்ளவர்கள் எல்லோரும் உட்காரும்படிதான் திட்டமிடுவதாகச் சொல்கின்றன. சிக்கல் விற்பனைக் கூடத்தில் தொடங்குகிறது. இருக்கையை உயர்த்தும் நெம்புகோல், மேலும் கீழும் சாயும் ஸ்டீயரிங், நம்மை நோக்கி இழுக்கக்கூடிய ஸ்டீயரிங், தோள் உயரத்துக்கு ஏற்ப நகரும் சீட் பெல்ட் கொக்கி, ஏறி இறங்கும் ஹெட்ரெஸ்ட் ஆகியவைதான் எல்லா உடலையும் உள்ளே கொண்டுவருகிற பொருள்கள். மலிவு விலைக் கார்களின் அடிப்படை வேரியண்ட்டில் இவற்றில் பலவும் இருப்பதில்லை. மேல் வேரியண்ட்டில், அலாய் சக்கரத்தோடும் பெரிய தொடுதிரையோடும் ஒரே பட்டியலில் வரும். உடலுக்குப் பொருந்துவது அலங்காரத்தோடு சேர்ந்த வசதியாக விலைபோவது நியாயமே இல்லை.

டெல்லியின் சாலைகளில் ஓடிய கார்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், நகரம் எப்படியெல்லாம் உட்கார்ந்தது என்பதும் தெரியும். அம்பாசடரின் முன்பக்கம் பல்லாண்டுக் காலம் ஒரே நீளப் பெஞ்சு. கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுநர் நிமிர்ந்து, பெரிய ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாக, வலது முழங்கையைக் கதவுக்கு வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வளைவில் உடலைப் பிடித்து நிறுத்த அந்தப் பெஞ்சில் எதுவும் இல்லை. ஆனால் காலை மாற்றி வைக்கவும் இடுப்பை நகர்த்தவும் இடம் இருந்தது. அமைச்சகங்களுக்கு ஓட்டிய பழைய ஓட்டுநர்கள் அம்பாசடரை இன்றும் பாராட்டுவதற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை, கிரீன் பார்க்கில் வசித்த ஒரு டெல்லிக்காரரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு நகரம் தாழ்வாக உட்காரப் பழகியது. 800-ல் கால் முன்னோக்கி நீண்டது, இருக்கை மெலிந்தது, கண் சாலைக்கு நெருங்கியது. வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட சிறிய கார்களுக்கே உரிய ஒரு குறை உண்டு. முன் சக்கரத்தின் குடைவு வலது காலின் இடத்தைத் தின்றுவிடுவதால் பெடல்கள் சற்று இடப்பக்கம் தள்ளிப்போகும். தோள் நேராக இருக்க, இடுப்பு மட்டும் சிறிது திரும்பியிருக்கும். பத்து நிமிடப் பயணத்தில் தெரியாத அந்தத் திருகல், இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்க இடுப்பில் வலியாக இறங்கும்.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அடுத்த ஆண்டு மாருதியின் வேகன் ஆர் வந்தது. கூரையை உயர்த்தி, அதற்கேற்ப இருக்கையையும் உயர்த்திய கார்கள் இவை. குனிந்து விழாமல், ஏறிக் குதிக்காமல், நாற்காலியில் அமர்வதுபோல் அப்படியே உட்காரலாம். மூட்டுவலிக்காரர்களுக்கும், தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கும், புடவை கட்டியவர்களுக்கும் அந்த உயரம் பெரிய உதவி. சான்ட்ரோவின் உருவத்தைப் பலர் குறை சொன்னார்கள், ஆனாலும் குடும்பங்கள் வாங்கின. உட்காரும் சுகம் அழகை வென்றதற்கு இந்திய கார் வரலாற்றில் அதுவே நல்ல சாட்சி. இன்று விற்கும் பயணக் கார்களில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி. வகையாகிவிட்டதற்கும் இந்த உயரமான இருக்கையின் மேலுள்ள ஆசை ஒரு பெரிய காரணம். அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. உயரமான மூக்கு கொண்ட வண்டியில் குட்டையான ஓட்டுநர் உட்கார்ந்தால், வண்டியின் முன்னால் நிற்கும் குழந்தை அவர் கண்ணுக்கே படாது.

இனி முதுகெலும்பு. எப்படி உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது என்ற கேள்வியை மருத்துவர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கிறார்கள், இன்னும் ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. ஸ்வீடனின் பெங்ட் ஓகர்ப்ளூம் 1948-லும், அமெரிக்க அறுவை மருத்துவர் கீகன் 1953-லும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிறது. பிறகு ஸ்வீடனில் நாக்கெம்சனும் ஆண்டர்சனும் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தையே அளந்தார்கள். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிடத் தட்டில் அழுத்தம் கூடுகிறது என்றும், முதுகைச் சாய்த்து, இடுப்பு வளைவுக்கு ஒரு முட்டு கொடுத்தால் அது குறைகிறது என்றும் 1970-களில் எழுதினார்கள். கார் இருக்கைகளில் லம்பார் சப்போர்ட் என்று விற்கப்படும் முட்டு பெருமளவு அந்த அளவைகளின் பிள்ளை. 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் திரும்ப அளந்தபோது, தளர்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை என்று வந்தது. முதுகைக் கம்பிபோல் நிமிர்த்தி வைப்பதே ஆரோக்கியம் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அந்த ஆய்வு நன்றாகவே அசைத்துவிட்டது.

ஓட்டுவதே முதுகைக் கெடுக்கிறதா? 1975-ல் ஜெனிஃபர் கெல்சியும் ஹார்டியும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டும் ஆண்களுக்கு டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது. அடுத்து ஒரு தலைமுறை முழுக்க ஓட்டுநர் தொழிலின் மேல் அந்தப் பழி நின்றது. 2002-ல் பின்லாந்தில் ஒரே கருவில் பிறந்த 45 இரட்டையர் இணைகளை எடுத்து, ஒருவர் வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவர், மற்றவர் ஓட்டாதவர் என்று ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். தட்டுத் தேய்மானத்தில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. தட்டு தேய்வது வேறு, வலிப்பது வேறு. தேயாத தட்டோடு வலியில் துடிப்பவரும் உண்டு, தேய்ந்த தட்டோடு நிம்மதியாக ஓட்டுபவரும் உண்டு. இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் தெளிவான செய்தி, எந்த நல்ல நிலையிலும் அசையாமல் நெடுநேரம் இருப்பதுதான் உடலுக்குப் பகை என்பது.

அதோடு அதிர்வையும் சேர்க்க வேண்டும். உட்கார்ந்த மனித உடல், செங்குத்தாக வரும் அதிர்வில் நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான துடிப்புகளுக்குத்தான் மிக அதிகம் அல்லல்படுகிறது என்று ஐ.எஸ்.ஓ. 2631 தரம் கணக்கில் கொள்கிறது. மேடு பள்ளச் சாலையில் வண்டி தருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. டெல்லிக் காலனிகளுக்குள் குடியிருப்போர் தாங்களே போட்டுக்கொண்ட தடைகள் பல, ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு நாளில் ஐம்பது முறை அவற்றில் ஏறி இறங்கும் டாக்சிக்காரரின் இடுப்புக்கு எந்த இருக்கையும் முழு மருந்தாகாது.

இருந்தாலும் கையில் இருக்கும் இருக்கையைக் கொண்டே செய்யக்கூடியது நிறைய. வரிசைதான் முக்கியம். பலர் முதலில் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது, ஓட்டும்போது போடும் அதே செருப்பையோ காலணியையோ போட்டுக்கொண்டு, கால்சட்டையின் பின்பையில் உள்ள பர்சை எடுத்துவிட்டு, இருக்கையின் மூலைவரை இடுப்பைத் தள்ளி உட்காருவது. தடித்த பர்சின் மேல் உட்கார்ந்தே சயாட்டிகா வலியை வரவழைத்துக்கொண்ட கதை 1978-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அடுத்து உயரம். கண் முன் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு வர வேண்டும், தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு உள்ளங்கையாவது நுழைய வேண்டும். உயரத்தைச் சரிசெய்த பிறகே தூரம். கிளட்சைத் தரைவரை மிதித்த நிலையில் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும். கால் விறைத்து நீண்டிருந்தால், மோதும்போது பெடலின் உதை நேரே இடுப்பு மூட்டுக்குப் போகும். தொடை இருக்கையில் நன்றாகப் படிய வேண்டும், ஆனால் இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும்.

அதன்பிறகு முதுகுச் சாய்மானம். இரண்டு தோளும் சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். அப்படி அமைந்தால், கை ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் வரும்போது முழங்கை தானாக மடங்கும். ஒரு காலத்தில் பந்தய வீரர்கள் கையை நேராக நீட்டிச் சாய்ந்து ஓட்டுவதே நாகரிகம் என்று இருந்தது. இத்தாலியின் ஃபாரினா தொடங்கிய அந்தப் பாணியை ஸ்டிர்லிங் மாஸ் பின்பற்ற, சாதாரண ஓட்டுநர்களும் பிடித்துக்கொண்டார்கள். இன்றைய பந்தயக் காரில் கை மடங்கித்தான் இருக்கும். 2011-ல் கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஓட்டினார். ஃபார்முலா ஒன் வீரரின் இருக்கை அவர் உடலை வைத்தே அச்செடுத்துச் செய்யப்படுவது. மற்ற யாருக்கும் அது பொருந்தாது. ஒரே ஒருவர் உட்காருவதற்கு அவ்வளவு சிரத்தை எடுக்கிற தொழில்தான், ஒரு குடும்பத்தின் நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் காரில் உயர நெம்புகோலை மிச்சம் பிடிக்கிறது.

இடுப்பு வளைவுக்கு முட்டு இல்லாத இருக்கையில் ஒரு சிறு துண்டை உருட்டி, பெல்ட் கட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். கைமுஷ்டியளவு தடிமன் கூடாது, அது உடலை முன்னே தள்ளிவிடும். ஹெட்ரெஸ்ட்டைக் கழுத்துத் தலையணையாக நினைப்பவர்கள் அதைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள். அது பின்னாலிருந்து இடிபடும்போது தலை பின்னுக்கு வீசப்படாமல் தடுக்க வந்த பொருள். அதன் உச்சி குறைந்தது காதின் மேல்பகுதி வரையாவது வர வேண்டும், பின்மண்டைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். கண்ணாடிகளைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும். ஜார்ஜ் பிளாட்சர் 1995-ல் விளக்கிய முறையில், தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்கும்போது தன் காரின் விளிம்பு கண்ணாடியில் சற்றே தெரிகிற அளவுக்கு வெளியே திருப்பினால் மறைவுப்பகுதி மிகவும் குறையும். பைக்குகள் இருபுறமும் நுழையும் டெல்லியில் இது பொன்னான யோசனை. ஆனால் இங்கே நெரிசலுக்குப் பயந்து பக்கக் கண்ணாடியையே மடக்கி வைத்து ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் உடலைத் திருப்பியே பார்க்க வேண்டும். கழுத்துவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நடுக் கண்ணாடியை நிமிர்ந்து உட்கார்ந்து சரிசெய்து வைத்தால் இன்னொரு பயனும் உண்டு. ஒரு மணி நேரம் கழித்துப் பின்னால் வரும் சாலை அதில் சரியாகத் தெரியவில்லையென்றால், ஓட்டுபவர் சரிந்துவிட்டார் என்று பொருள்.

இவையெல்லாம் 170 செ.மீ. உயரமான ஆணுக்குச் சுலபம். 153 செ.மீ. உயரமுள்ள பெண், உயரம் மாற்ற முடியாத இருக்கையும் நகராத ஸ்டீயரிங்கும் கொண்ட சிறிய காரில் உட்காருவதைக் கவனித்தால் நிலைமை புரியும். கிளட்ச் எட்ட வேண்டுமானால் இருக்கை முன்னே வந்தாக வேண்டும். முன்னே வந்தால் ஸ்டீயரிங் நெஞ்சை முட்டுகிறது. சாலை தெரியத் தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டால் கால் மறுபடி எட்டாமல் போகிறது, பெல்ட்டின் இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறுகிறது. பெல்ட் தோளில் படியாமல் கழுத்தை அறுக்கிறது. கடைசியில் முன்னால் குனிந்து, ஸ்டீயரிங்கின் உச்சியைப் பற்றி ஓட்டுகிறார். "பயந்து பயந்து ஓட்டுகிறாள்" என்று பக்கத்தில் இருப்பவர் நினைக்கிறார். அது பயமில்லை, வடிவியல்.

ஏர்பேக் வந்த பிறகு இந்த நெருக்கம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான பொழுதில் அது விரிகிறது. அந்த விசைக்கு இடம் வேண்டும். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் இடையே 25 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. குட்டையானவர்கள் சாய்மானத்தைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ஸ்டீயரிங் சாயுமானால் அதன் முகம் மார்பைப் பார்க்கும்படி இறக்கி, அந்தத் தூரத்தைப் பெறலாம். மிதமிஞ்சிச் சாய்ந்தால் வேறு ஆபத்து. மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவிப்போகும், பட்டை வயிற்றை நசுக்கும். 1959-ல் வால்வோவுக்காக நீல்ஸ் போலின் வடித்த மூன்று முனை பெல்ட் தோளெலும்பையும் இடுப்பெலும்பையும் நம்பியே வேலை செய்கிறது. எலும்பின் மேல் படியாத பெல்ட் பாதி பெல்ட்.

வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, பெல்ட் அணிந்தவர்களில் முன்பக்க மோதலில் பலத்த காயமடையும் சாத்தியம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 73 சதவீதம் அதிகம். மோதல் சோதனைகளில் ஓட்டுநர் இடத்தில் பெரும்பாலும் உட்காருவது 175 செ.மீ. உயரமுள்ள ஆண் பொம்மை. சராசரிப் பெண்ணின் உடலை ஒத்த பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 2022-ல்தான் உலகுக்குக் காட்டினார்கள். 2023 ஆகஸ்டில் டெல்லியில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, மோதல் சோதனை செய்து கார்களுக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டமும் முன்பக்க மோதலுக்கு அந்த ஆண் பொம்மையோடுதான் தொடங்கியது. ஐந்து நட்சத்திரம் நல்ல செய்திதான். ஸ்டீயரிங்குக்கு ஒரு சாண் நெருக்கத்தில் உட்காருபவருக்கு அந்த நட்சத்திரங்கள் எவ்வளவு உறுதி தருகின்றன என்பதை அந்தச் சோதனை சொல்வதில்லை.

டெல்லியின் பருவங்களும் இருக்கையை மாற்றுகின்றன. ஜனவரிப் பனிமூட்டத்தில் ஓட்டுநர்கள் மூக்கு கண்ணாடியில் படும்படி முன்னே குனிகிறார்கள். அதனால் ஒரு அடி தூரம்கூடக் கூடுதலாகத் தெரியாது. தோள் பெல்ட்டை விட்டும் தலை ஹெட்ரெஸ்ட்டை விட்டும் விலகுவதுதான் மிச்சம். கோடையில் 45 டிகிரியில் நின்ற வண்டியின் ரெக்சின் சீட்டில் முதுகு ஒட்டிக்கொள்ளும். காலனி முனைகளில் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டிருக்கும் டாக்சி நிலையங்களில் பார்த்தால், பல வண்டிகளின் ஓட்டுநர் இருக்கையில் மரமணி கோத்த விரிப்பு இருக்கும். சட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே காற்று போக அது வழிவிடுகிறது. இடுப்புக்குப் பின்னால் மடித்த துண்டு ஒன்று. ஆய்வுக்கூடம் சொன்னதை அறியாமலே அந்த மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று: இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியில், அதை மூடித் தைத்த உறை போடக்கூடாது.

நெரிசலில் அதிகம் உழைப்பது இடது கால். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே ஊரும்போது கிளட்ச் மிதிப்பதற்குக் கணக்கே இல்லை. ஓய்வு நேரத்தில்கூடக் காலைக் கிளட்சின் மேலேயே தொங்கவிடுபவர்களுக்குக் கெண்டைக்காலும் இடுப்பின் இடப்புறமும் இறுகும். பக்கத்தில் பாதம் வைக்க உள்ள மேடையில் காலை ஊன்றினால் அந்தப் பாரம் குறையும். 2014-ல் கிரேட்டர் நொய்டா வாகனக் கண்காட்சியில் மாருதி செலெரியோ ஏ.எம்.டி. கியரோடு வந்தது. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது அப்போதுதான். இந்த நகரத்தின் முழங்கால்களுக்கு அதுபோல் உதவிய வேறு கண்டுபிடிப்பு அண்மையில் வரவில்லை. 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச் சாலையில் சிக்கல் நேர்மாறானது. வலது பாதம் ஒரே கோணத்தில் உறைந்துவிடும், இடது காலுக்கு வேலையே இருக்காது. அங்கே வேண்டியது நல்ல இருக்கையைவிட, வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பத்து நிமிடம் நடக்க ஓர் இடம்.

இறங்கி நடக்க நேரம் யாருக்கு இருக்கிறது என்பதில்தான் இந்தக் கேள்வி உடற்கூறிலிருந்து உழைப்புக்கு நகர்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இடைவிடாமல் வேலை செய்யக்கூடாது, அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் வகுத்தது. செயலி வழி டாக்சி ஓட்டுபவரை நிறுவனங்கள் தொழிலாளி என்று அழைப்பதில்லை, பங்காளி என்கின்றன. 2020-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல் அவருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற உச்சவரம்பை வைத்தது. எட்டு எங்கே, பன்னிரண்டு எங்கே! அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் டாஷ்போர்டில் ஒட்டிய போனைப் பார்க்கக் கழுத்து வளைந்திருக்கிறது, தவணை கட்டி வாங்கிய அடிப்படை வேரியண்ட்டில் முதுகு வளைந்திருக்கிறது. லாரிக்காரர்களுக்குச் சற்றே நல்ல காலம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாரிக்கும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். வெப்பத்தைக் குறைப்பது ஓட்டுநரின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. உயரம் மாற்றும் இருக்கையையும் அதே கண்ணால் பார்த்து, எல்லா வேரியண்ட்டுக்கும் கட்டாயமாக்குவது பெரிய செலவில்லை. ஒரு நெம்புகோல், ஒரு பல்சக்கரம், கொஞ்சம் இரும்பு.

அதுவரை வாங்குபவர்களின் கையில் இருப்பது விற்பனைக் கூடத்தின் சோதனை ஓட்டம்தான். பத்து நிமிடத்தில் எந்த இருக்கையும் சுகமாகத்தான் இருக்கும். குறை தெரிய முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆகவே நெரிசல் நேரத்தில் போய், வீட்டில் ஓட்டப்போகிறவர்களில் மிகக் குட்டையானவரையும் மிக உயரமானவரையும் அழைத்துச் சென்று, வாங்க நினைக்கும் அதே வேரியண்ட்டில் இருவரையும் ஓட்டச் சொல்ல வேண்டும். காட்சிக்கு நிறுத்தியிருப்பது பெரும்பாலும் மேல் வேரியண்ட்டாகத்தான் இருக்கும். இருக்கையின் பக்கவாட்டில் கையை விட்டு, உயர நெம்புகோல் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.